பதினேழாம் அட்டையின் கடைசி வரி

ஓர் அட்டை தேறுமா தேறாதா என்று சொல்ல எனக்கு நான்கு வினாடி போதும். இதை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். மேடையேறிக்கூடப் பேசியிருக்கிறேன். இப்போது அதை எழுதும்போதே வாய் கசக்கிறது. எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டு வந்துதான் அடுத்த வரியை எழுதுகிறேன்.

நாற்களம் ஆடத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டில் நாற்பது அட்டைகள் இருக்கும். ஒவ்வோர் அட்டையையும் களத்தில் இறக்க ஒரு செலவு உண்டு. அந்தச் செலவுக்குத் தண்ணீர் தருவது நம் பக்கமுள்ள கிணறுகள். புது அட்டைகள் வந்துகொண்டே இருக்கும், கட்டு மட்டும் நாற்பதைத் தாண்டக் கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நாற்பத்தொன்றாவது அட்டையைத் தூக்கிப் போடத் தெரியாதவன் ஜெயிக்க மாட்டான்.

அந்தத் தூக்கிப் போடும் வேலையை நான் சம்பளத்துக்குப் பார்த்தேன். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி. நானும் ரியாஸ் அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். வெளிவராத அட்டைகள் எங்களிடம் வரும். படமோ பெயரோ இருக்காது. வெள்ளைத் தாளில் அச்சடித்த நாலு வரியைப் பிளாஸ்டிக் உறையில் செருகித் தருவார்கள். இருவரும் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்போம். ஒன்றாகத் திருப்புவோம். இருவரும் பூஜ்யம் போட்டிருந்தால் பேச்சே கிடையாது, அந்த அட்டை வெட்டு. வெட்டிய அட்டைக்கு ஒரு வரிக் காரணமும் ஒரு பட்டப்பெயரும் எழுத வேண்டும். பட்டப்பெயர் கம்பெனி கேட்டதல்ல, எங்கள் திமிர்.

ரியாஸ் அண்ணன் உக்கடத்துக்காரர். ஜோடி ஆட்டத்தில் பதினோரு வருடம் என் கூட்டாளி. ஜோடி ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த அட்டை விழுவதற்குள், ஆட்டத்துக்கு ஒரே ஒருமுறை, கூட்டாளி "திருப்பி எடு" என்று சொல்லலாம். சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, வைத்ததை எடுத்துவிட வேண்டும். சேலத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் நான் புத்தி கெட்டுப்போய் வைத்த அட்டையை அவர் அப்படி எடுக்கச் சொன்னதால்தான் கோப்பை எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவசரக்காரி ஒருத்திக்கு அவர் மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாவட்ட டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் எந்திரத்தோடு கிடப்பார். இடது கையில் ஊசி ஏறி ஏறி நரம்பு தாம்புக்கயிறு போலப் புடைத்திருக்கும். அதை மறைக்க முழுக்கைச் சட்டைதான் போடுவார். மையத்துக்குப் போகாத நாட்களில் என் எதிரே உட்கார்ந்து அட்டை பார்ப்பார்.

வழக்கமான அட்டைகளோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மஞ்சள் உறையும் வரும். அதில் ஐம்பத்தைந்து அட்டைகள் இருக்கும். நாற்பதை வைத்துக்கொண்டு பதினைந்தை வெட்ட வேண்டும். மஞ்சள் உறையில் வந்த அட்டை ஒன்றுகூடக் கடைக்கு வந்ததில்லை. மேலாளர் சம்பத்திடம் ஒருமுறை கேட்டோம். "மேல நிறுத்தி வெச்சுட்டாங்க மேடம்" என்றார். எங்களுக்கு அதற்குமேல் அக்கறை இல்லை.

கடைசியாக வந்த மஞ்சள் உறையின் பதினேழாம் அட்டையை நான் அப்படியே எழுதுகிறேன், மனப்பாடமாக இருக்கிறது.

'செலவு நான்கு. தாக்குதல் ஒன்று. ஒவ்வொரு மூன்றாம் சுற்றிலும் உன் கிணறு ஒன்றை மூடி வை. வைக்காவிட்டால் இந்த அட்டை கழியும். பக்கத்து அட்டை செய்த ஒரு செயலைச் செய்யாததாக ஆக்கலாம்.'

நான்கு வினாடி ஆனது. சீட்டைக் கவிழ்த்தேன். ரியாஸ் அண்ணன் எனக்கு முன்பே கவிழ்த்திருந்தார். திருப்பினோம். இரண்டும் பூஜ்யம்.

"கெணத்தையும் அடைச்சுப் போட்டுட்டு, நாலு செலவும் தின்னுட்டு, சும்மா ஒக்காந்திருக்கும். இது வீட்டோட மாப்பிள்ளை" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு தாளவில்லை. "பேரு வெக்கறதுக்கே உங்களுக்குத் தனிச் சம்பளம் தரலாம்ங்ணா."

"கடைசி வரி என்னமோ இருக்குதே."

"அது பக்கத்து அட்டை இருந்தாத்தானே வேலைக்காகும்."

பக்கத்தை நம்பும் அட்டைக்கு மதிப்பில்லை. இது நான் வகுத்த விதி. என் பெயராலேயே சுகந்தி விதி என்று விளையாட்டுக்காரர்கள் சொல்வார்கள். தனியாக நிற்கத் தெரியாத அட்டை கையில் செத்துக் கிடக்கும் என்று இளவட்டங்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். காரணம் எழுதும் இடத்தில் 'கிணற்றை அடைக்கும். பக்கத்தை நம்பும். வீட்டோட மாப்பிள்ளை' என்று தட்டினேன். பிறகு இருவரும் கீழே போய் ஆளுக்கொரு போண்டா தின்றோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் ரியாஸ் அண்ணன் ஒரு தாளை என் முன் கவிழ்த்து வைத்தார். சீட்டைக் கவிழ்ப்பது போலவே வைத்தார். ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

"திருப்பு" என்றார்.

டயாலிசிஸ் மையத்தின் கடிதம் அது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவருக்கு எந்திர ஒதுக்கீடு இல்லை. வேறு ஏற்பாடு செய்துகொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில், 'கிணற்றை அடைக்கும். பக்கத்தை நம்பும். வீட்டோட மாப்பிள்ளை.'

நான் அதை மூன்று தரம் படித்தேன். முதலில் யாரோ அவரைக் கிண்டல் செய்து கடிதம் தயாரித்திருக்கிறார்கள் என்று கோபம் வந்தது. பிறகு மையத்தின் முத்திரையைப் பார்த்தேன்.

"ஃபர்ஜானா படிச்சுட்டு என்னைக் கேட்டா. இதென்னங்க, நீங்க பேசற பழமை மாதிரியே எழுதியிருக்காங்கன்னு" என்றார் அவர். ஃபர்ஜானா அவர் மனைவி. "அவகிட்ட என்னத்தச் சொல்றது? இது நாந்தான் வெச்ச பேருன்னா?"

"அண்ணா, இது எப்படி..."

"போன மாசம் மையத்துல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. உங்களால பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன பிரயோசனம்னு ஒரு கேள்வி. கூட வேலை பாக்கறவங்க தப்புப் பண்ணா நிறுத்துவேன்னு எழுதினேன். பதினேழாவதுல கடைசி வரி ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

"நானே எனக்குப் பூஜ்யம் போட்டேன் சுகந்தி. உனக்கு முன்னாடியே போட்டேன்." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சம்பத் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். அவர் நறுக்கிய கொய்யாவை உப்பு மிளகாயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். கடிதத்தைப் படித்தார். பதறுவார் என்று எதிர்பார்த்தேன். "அடடா, நம்ம ரியாஸா" என்றார், கல்யாணத்தில் தெரிந்தவரைப் பார்த்தது மாதிரி.

"மஞ்சள் உறையில வர்றது அட்டை இல்லியா?"

"அட்டைதானுங்க மேடம். ஆளைத்தான் அட்டையா மாத்தியிருக்கு. ஒரு மென்பொருள் இருக்குதுங்க. ஆளோட வியாதி, வேலை, குடும்பம், யாரு அவரை நம்பி இருக்கறாங்க, எல்லாத்தையும் வாங்கி நாற்களம் பாசையில எழுதிரும். கெணத்தை மூடறதுன்னா டயாலிசிஸ் மெஷின் ஒண்ணு அவருக்குப் போயிருதுன்னு அர்த்தம். பேரு வராது, மூஞ்சி வராது, சாதி மதம் எதுவும் வராது. இதைவிட நேர்மையா ஒண்ணு பண்ண முடியுங்களா?"

"டாக்டர் பண்ண வேண்டிய வேலையை எங்க தலையில எதுக்குக் கட்டுனீங்க?"

"டாக்டருங்ககிட்டத்தான் மொதல்ல குடுத்தாங்க. ஒருத்தரு அழுதுட்டாரு. ஒருத்தரு சொந்தக்காரரை உள்ள விட்டாரு. இன்னொருத்தரு லீவுல போனவரு வரவே இல்லீங்க. மெஷின்கிட்ட விடலாம்னா சட்டம் இடிக்குது, உயிர் விசயத்துல மனுசந்தான் முடிவு பண்ணோணுமாம். அப்பத்தான் மையத்துக்காரங்க நம்மகிட்ட வந்தாங்க. கண்ணு கலங்காம நாப்பத்தொண்ணாவதைத் தூக்கிப் போடற ஆளுக நாட்டுலயே நீங்க ரெண்டு பேருதான்னு நாந்தான் சொன்னேன்." இதைப் பாராட்டாகவே சொன்னார். முன்பல்லில் கொய்யா விதை ஒன்று சிக்கியிருந்தது.

"எங்களுக்குத் தெரியாமயேவா?"

"மனுசன் முடிவு பண்ணோணும்னுதானுங்க சட்டம். தெரிஞ்சு பண்ணோணும்னு இல்லியே. உங்க ஒப்பந்தத்துல பதினோராம் பக்கம் இருக்குது, படிச்சுப் பாருங்க."

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அந்த எச்சில் கன்னத்தைத் தொட வேண்டுமே என்று கை கூசியது. மூன்று வருடம், பதினோரு உறை, உறைக்குப் பதினைந்து பேர். பட்டப்பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஓசிச் சோறு. நமுத்த பட்டாசு. பஞ்சர் பாண்டியன். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்திருக்கிறோம்.

"இதெல்லாம் அவங்க வீட்டுக்குப் போச்சா?"

"இல்லீங்க, இல்லீங்க. காரணம் சொல்லோணும்னு இந்தத் தடவைதான் உத்தரவு வந்துச்சு. இந்தப் பதினஞ்சு பேருக்கு மட்டுந்தான். அதே மாதிரி, முன்னெல்லாம் புதுசாச் சேர வர்றவங்களை மட்டுந்தான் அட்டையாக்குனாங்க. இந்தத் தடவை பழைய ஆளுகளையும் சேத்துட்டாங்க. அதுல நம்ம ரியாஸு மாட்டிக்கிட்டாரு."

"ரியாஸ் அண்ணனுக்கு நான் அஞ்சு போடறேன். மாத்துங்க."

"தாராளமா மாத்தலாம். மறுமதிப்பீடு உங்க உரிமைங்க. அவரு கேஸை அவரே பாக்கக் கூடாது, அதனால உங்க கையெழுத்து ஒண்ணே போதும்." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "ஆனா கட்டு நாப்பதுதானுங்களே மேடம். ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகோணும். அஞ்சு மணிக்குத் தொகுதி சீல் ஆயிரும். அதுவரைக்கும் வெக்கலாம், எடுக்கலாம். அப்புறம் ஆரு வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

மணி மூன்றரை. அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். ரியாஸ் அண்ணனைக் கேன்டீனில் இருக்கச் சொல்லியிருந்தேன்.

மாட்டேன் என்று அங்கேயே அந்தக் கட்டை விசிறியடித்திருக்கலாம். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருக்கலாம். இதையெல்லாம் பிறகு எத்தனையோ பேர் எனக்குச் சொன்னார்கள். ஐந்து மணிக்குள் ரியாஸ் அண்ணன் உள்ளே வர வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

நாற்பது அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். இப்போது எனக்குத் தெரியும், ஒவ்வொன்றும் ஓர் ஆள். கை நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை அருவருப்பு. என் விரல்கள் பாட்டுக்குச் செலவு வாரியாக அடுக்க ஆரம்பித்தன. வலுத்ததெல்லாம் மேலே போனது, இளைத்ததெல்லாம் கீழே வந்தது. பத்து நிமிடத்தில் அடியில் ஓர் அட்டை நின்றது. முப்பத்தெட்டு. நாங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு போட்டு, கடைசி ஆளாக உள்ளே நுழைந்தது.

'செலவு ஐந்து. தாக்குதல் பூஜ்யம். ஒவ்வொரு இரண்டாம் சுற்றிலும் உன் கிணறு ஒன்றை மூடி வை.' அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். படித்தால் என்னால் முடியாது என்று தெரியும்.

திரையில் முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம் போட்டேன். பதினேழுக்கு ஐந்து போட்டேன். காரணம் காலியாக இருந்தால் திரை நகர மறுத்தது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. கடைசியில் 'பக்கத்தை நம்பும்' என்று தட்டினேன். கடைசி வரியைப் படிக்காமலே தட்டினேன். பட்டப்பெயர் வைக்கவில்லை. அதை ஒரு பெரிய மரியாதை போல நினைத்துக்கொண்டேன், கேடுகெட்டவள்.

கீழே கேன்டீனில் ரியாஸ் அண்ணன் டீ டம்ளரை மேசைமேல் வெறுமனே நகர்த்திக்கொண்டிருந்தார். அவருக்குத் தண்ணீர் அளவுதான், டீயில் பாதிதான் குடிப்பார். சம்பத் சொன்னதையெல்லாம் சொன்னேன். இடம் திரும்பக் கிடைத்துவிட்டது என்றேன். அவர் முகத்தில் ஒரு கணம் ரத்தம் பாய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். உயிர்மேல் யாருக்குத்தான் ஆசை இல்லை.

பிறகு அந்த முகம் மாறியது. அவர் ஆட்டக்காரர். நாற்பது என்றால் நாற்பதுதான் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எதை எடுத்தே?"

"முப்பத்தெட்டு."

"அஞ்சு செலவு, பூஜ்யம் தாக்குதல்." அவருக்கும் எல்லாம் மனப்பாடம். "அதுல கடைசி வரி என்ன? அது மட்டும் மறந்துட்டேன்."

"நான் படிக்கலீங்ணா."

"படிக்கலியா?"

"விரலை வெச்சு மறைச்சுக்கிட்டேன்."

அவர் வெகுநேரம் என் கட்டைவிரலையே பார்த்தார். கேன்டீன் சுவரில் மணி நாலு முப்பத்தைந்து. பக்கத்து மேசையில் யாரோ பஜ்ஜிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போன வாரம் நாம ஆளு தெரியாம வெட்டுனோம்" என்றார் மெதுவாக. "தெரியாமப் பண்ணதுக்கே எனக்குக் கொமட்டுது. நீ இப்பத் தெரிஞ்சு வெட்டிட்டு வந்திருக்கறே."

"உங்களுக்காகத்தானுங்ணா. ஃபர்ஜானாக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அந்த முப்பத்தெட்டு வீட்டுல ஒரு ஃபர்ஜானா இருக்க மாட்டாளா? அந்தக் கட்டை இருந்தபடியே குடுத்துட்டு வா. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து மையத்து வாசல்ல போய் ஒக்காரலாம். கடுதாசி வந்த பதினஞ்சு பேரையும் தேடிப் பிடிக்கலாம். ஒரு மாசம் இருக்குது."

"ஒரு மாசத்துல ஒண்ணும் நடக்காதுங்ணா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

சட்டைக் கையை மேலே ஏற்றினார். நான் பார்க்கட்டும் என்றே ஏற்றினார் என்று நினைக்கிறேன். பிறகு, ஆட்டத்தில் சொல்வாரே, அதே குரலில் சொன்னார்.

"சுகந்தி. திருப்பி எடு."

பதினோரு வருடத்தில் அந்த வார்த்தைக்கு நான் ஒருமுறைகூட மறு பேச்சுப் பேசியதில்லை. லிஃப்டில் ஏறினால் இரண்டு நிமிடம். நாற்காலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"மாட்டேன்."

அவர் கத்தவில்லை. என்னைப் பிடித்து இழுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தார், நானும் உட்கார்ந்திருந்தேன். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ஐந்து அடித்து இரண்டு நிமிடம் ஆனதும் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பாதி டீ அப்படியே இருந்தது.

மறுநாளே நான் வேலையை விட்டேன். எல்லாவற்றையும் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள். பட்டப்பெயர்களையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். ஊரே காறித் துப்பும் என்று எதிர்பார்த்தேன், துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது. இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் கம்பெனி எங்கள் இரண்டு இடங்களுக்கும் ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்தது. ஒளிவு மறைவில்லாமல் 'ஒதுக்கீட்டு மதிப்பீட்டாளர்' என்றே போட்டார்கள். அறுநூற்றுச் சொச்சம் பேர் மனுப் போட்டிருக்கிறார்களாம். அதில் பாதிப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஒருவன் எனக்கே எழுதிக் கேட்டிருந்தான், நேர்முகத்தில் சுகந்தி விதியைப் பற்றிக் கேட்பார்களா மேடம் என்று.

முப்பத்தெட்டு யாரென்று விசாரித்தேன். மையத்தில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்கள். பெயர் வெளியே தெரியாததுதான் முறையின் நேர்மையாம்.

ரியாஸ் அண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் மையத்துக்குப் போய் வருகிறார். அவர் போகாவிட்டாலும் அந்த எந்திரம் அடுத்த தொகுதி வரை சும்மாதான் கிடக்குமாம், முப்பத்தெட்டைக் கூப்பிட மாட்டார்களாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் போனார் என்று ஃபர்ஜானாக்கா சொன்னார். நன்றி சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரா, பேசலாமா என்று கேட்டேன்.

"இருக்காருங்க" என்றார். "உங்க பேரைச் சொன்னா எந்திரிச்சுப் போயிடறாருங்க. டிவியில நாற்களம் போட்டாலும் நிறுத்திடறாரு. யாரு என்ன தப்புப் பண்ணாலும் இப்ப அவர் வாயே தொறக்கறதில்லீங்க. எம்பொண்ணு போன வாரம் வண்டியை ராங் சைடுல ஓட்டிட்டுப் போனா, பின்னாடி ஒக்காந்துட்டுச் சும்மா இருந்தாராம்."

பதினேழாம் அட்டை களத்தில்தான் இருக்கிறது. செலவு நான்கு, தாக்குதல் ஒன்று, மூன்றாம் சுற்றில் ஒரு கிணறு. கடைசி வரி மட்டும் இல்லை.